தெல்தெனியவுக்குப் போன ஒல்டனேட்டர்

எங்கள் வாப்பா மௌத்தாவதற்கு முன் இரண்டு மகன்மாருக்கும் வீட்டையும் வளவையும் சரிபாதியாகப் பிரித்து எழுதி வைத்தார். ட்ரெக்டரை மட்டும் இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். நாங்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று உம்மா சொல்வார். எனக்கென்னவோ, அதை யார் தலையில் கட்டுவது என்று அவருக்கே முடிவெடுக்க முடியாமல் போயிருக்கும் என்றுதான் படுகிறது.

அலவத்துகொடையில் எங்கள் வளவு முழுக்கச் சரிவு. அது ட்ரெக்டருக்கு வாய்த்த பெரும் பாக்கியம். பெட்டரியால் அதை ஸ்டார்ட் செய்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. மேட்டில் கியரில் போட்டு நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிடுவோம். வேண்டும்போது கல்லை எடுத்து, கிளட்சை மிதித்து உருட்டி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் இருமிக்கொண்டு உயிர் பெறும். பெறாவிட்டால் கீழே வாழைத்தோட்டத்தில் போய் நிற்கும். அதன் பிறகு ஆறு பேரைக் கூப்பிட்டு மேலே தள்ளிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த முறையில் வருடத்துக்கு நான்கைந்து தடவை கராம்பும் மிளகும் வீடு வந்து சேரும். தள்ளிய ஆறு பேருக்கும் என் மனைவி தேநீர் ஊற்றுவாள்.

ட்ரெக்டர் ஆறு வோல்ட் காலத்தது. இன்றைக்கு ஓடுகிற வாகனமெல்லாம் பன்னிரண்டு வோல்ட். கண்டியில் ஒரு பெட்டரிக் கடையில் போய் ஆறு வோல்ட்டில் பெரிய பெட்டரி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க ஓட்டுற வெளையாட்டுக் காருக்கா சேர்?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், ட்ரெக்டரைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடுவது என்று.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். இருபத்தைந்து வருடமாக மின்னோட்டம், மின்னழுத்தம், தடை என்று கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவனுக்கு ஒரு கிழட்டு ட்ரெக்டரின் நாலு வயர் எம்மாத்திரம்? இணையத்தில் ஒரு வீடியோவும் பார்த்தேன். வெளுத்த உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் பழைய டைனமோவைக் கழற்றி, அந்த இடத்தில் மின்சாரம் தரும் புது ஒல்டனேட்டரைப் பூட்டி, பெட்டரியை மாற்றி, நாற்பது நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். அவருடைய உடுப்பில் ஒரு கறை கிடையாது. எனக்கு எப்படியும் மூன்று மணித்தியாலம் போதும் என்று கணித்தேன்.

என்னைவிட ஆறு வயது மூத்த நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். ட்ரெக்டரில் ஏறி உட்காருவதைத் தவிர எந்த வேலையையும் செய்து பழக்கமில்லாதவர். ஆனால் எல்லா வேலையும் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று தெரிந்தவர்.

"வாப்பா ஆறு வோல்ட்ல தானே ஓட்டின. அவருக்கு ஒன்னும் ஆகல்லயே?" என்றார்.

"வாப்பா உருட்டித்தான் ஓட்டின நானா."

"அப்ப நாங்களும் உருட்டுவோமே. ஒனக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரமில்ல. தள்ளித் தள்ளி முதுகு நாரிதான் நோவுது."

"செய்றதெண்டா செய். ஏதும் நாசமாப் போச்செண்டா என்னட்ட வராத" என்று அனுமதி தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் ட்ரெக்டரை என் வீட்டு முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். முற்றம் மட்டும்தான் எங்கள் வளவில் சமதரை. வாங்கி வைத்திருந்த பழைய ஜப்பான் கார் ஒல்டனேட்டரைப் பூட்டினேன். அதற்கே மதியமாகிவிட்டது. நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, கையில் தேநீரோடு மேற்பார்வைக்கு அமர்ந்தார். பிறகு புது பெட்டரியை வைத்தேன். பழைய பெட்டரியில் பொடிக்கு, அதாவது ட்ரெக்டரின் இரும்பு உடம்புக்கு, போகிற தடித்த வயர் பிளஸ் பக்கம் பூட்டியிருந்ததால், புதியதிலும் அதைப் பிளஸ் பக்கமே பூட்டினேன். மற்றதையும் பூட்டினேன்.

சட்டென்று ஒரு சத்தம். ஒல்டனேட்டரிலிருந்து அடர்ந்த புகை எழுந்தது.

"புக வருது" என்றார் நானா.

"தெரியுது நானா."

"வாப்பாட காலத்துல புக பின்னுக்குத்தான் வரும்."

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். கை சுட்டது. ஜன்னலைச் சாத்துகிற சத்தத்தோடு மனைவியின் குரல் கேட்டது. "இங்க பாருங்க, ஒங்கட புக வீட்டுக்குள்ள வருது. உடுப்பு காயுது."

என்ன பிழை என்று எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. பழைய ட்ரெக்டர்களில் பிளஸ்ஸைப் பொடியோடு இணைப்பார்கள். ஒல்டனேட்டருக்கு மைனஸ்தான் பொடியோடு சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற டயோட் எல்லாம் எரிந்துபோகும். டயோட் மின்சாரத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் விடும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். போன மாதம்தான் நடத்தி முடித்திருந்தேன். அதை ஒழுங்காக எழுதாத பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் சரியாகக் கோடும் போட்டிருந்தேன்.

"என்ன நடந்த?" என்று கேட்டார் நானா.

"கடைக்காரன் பழுதான சாமானத் தந்திருக்கான்" என்றேன்.

ஊரில் வாகன மின்சார வேலை செய்கிற கராஜ் மூன்று இருக்கின்றன. மூன்றின் உரிமையாளர்களுடைய பிள்ளைகளும் என் வகுப்பில் படிக்கிறார்கள். விஞ்ஞான சேர் ஒல்டனேட்டரை எரித்துவிட்டார் என்ற செய்தி திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு முன்பே பாடசாலைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆகவே என்னைத் தெரியாத ஓர் ஊருக்குப் போவதுதான் அறிவியல் ரீதியாகச் சரி என்று பட்டது. தெல்தெனியவில் ஒல்டனேட்டர் நன்றாகச் செய்கிற ஒரு கடை இருப்பதாகப் பெட்டரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு துணிப்பையில் அந்தப் பிரேதத்தைப் போட்டு, மேலே ஒரு துவாயால் மூடி, அன்றைக்கே கண்டிக்குப் போய் அங்கிருந்து தெல்தெனிய பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா மூக்கைச் சுளித்து, எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாக ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கடை பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான் இருந்தது. வாசலில் இரண்டு பெட்டரி சார்ஜாகிக் கொண்டிருந்தன. உள்ளே நாற்பதை நெருங்கும் ஒரு பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு, லொறி ஸ்டார்ட்டர் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். வேலை செய்கிற மெக்கானிக் பாஸ் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.

"வாங்க சேர்" என்றார் அவர்.

இந்த நாட்டில் கண்ணாடி போட்ட ஆள் யார் வந்தாலும் சேர்தான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பையைத் திறந்து காட்டினேன். அவர் ஒல்டனேட்டரைக் கையிலெடுத்து ஒரு தரம் முகர்ந்தார். கழற்றிப் பார்க்கவே இல்லை.

"பெட்டரிய மாத்திக் குடுத்துட்டாங்க சேர். பழைய ட்ரெக்டருங்களா? ஆறு வோல்ட்டா இருந்திச்சா?"

"ஓ. ஒரு பாஸ்தான் செய்த" என்றேன்.

"எந்தப் பாஸு?"

"எங்கட பக்கத்து ஆள். கொஞ்சம் வயசானவர்." அந்தப் பாஸை நான் அங்கேயே நின்றபடி உண்டாக்கினேன். அவருக்குக் கண் பார்வையும் அவ்வளவு சரியில்லை என்று சேர்த்துவிட்டேன்.

"பாவம். இனிமே வயரத் தொட வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க சேர்."

"செல்றேன்."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, எதை எங்கே பூட்ட வேண்டும் என்று பென்சிலால் வரைந்தார். பெட்டரியைக் குறிக்க இரண்டு கோடு போட்டார், ஒன்று நீளம், ஒன்று குட்டை. வரைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நீட்டுக் கோடு பிளஸ், கட்டக் கோடு மைனஸ். சேர்தானே படிச்சுக் குடுத்தீங்க."

எனக்கு விளங்கவில்லை.

"ஹேவாஹெட்டயில தோட்டத்து ஸ்கூல்ல. ஒம்பதாம் வகுப்பு. ஞாபகம் இல்லீங்களா?"

எனக்கு முதல் நியமனம் கிடைத்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில்தான். மூன்று வருடம் அங்கே இருந்தேன். குளிரையும் அட்டையையும், ஒரு நாளைக்கு இரண்டே தடவை வருகிற பஸ்ஸையும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இந்த முகம் அதில் எங்கேயும் இல்லை.

"ஏன் ஞாபகம் இல்ல? நல்லா ஞாபகம்" என்றேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டாவது பொய்.

அவர் சிரித்தார். கலியாணம் முடித்துத் தெல்தெனியவுக்கு வந்ததாகவும், கடை புருஷனுடையது என்றும், அவர் கத்தாருக்குப் போன பிறகு தானே எல்லாம் பார்ப்பதாகவும் சொன்னார். டயோட் மாற்றிவிட்டு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பூட்டித் தருவதாகவும் சொன்னார்.

"எதுக்கு சிரமம்? வரைஞ்சு தந்தீங்கதானே, அதப் பாத்து..."

"இல்லங்க சேர். அந்தப் பாஸ் மறுபடி வந்துட்டா?"

அந்தப் பாஸ் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் முச்சக்கர வண்டியில், ஸ்பானரும் குறடும் நிறைந்த ஆயுதப் பெட்டியோடு வந்து இறங்கினார். நானா ஏற்கெனவே தன் கதிரையில் தயாராக இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவருக்குக் கேட்கக்கூடிய இரகசியக் குரலில் கேட்டார். "பொம்புளயா ட்ரெக்டர் செய்யப் போற?"

"ஆம்புள செய்து பாத்தாச்சே நானா" என்றேன்.

நானா எழுந்து போய், ட்ரெக்டரின் மட்காட்டைத் தட்டிக் காட்டினார். "இது எங்கட வாப்பாட ட்ரெக்டர். கவனமாச் செய்யணும்."

"வர்ற வண்டியெல்லாம் யாராவது ஒருத்தரோட அப்பா வண்டிதாங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஸ்பானரை எடுத்தார்.

நானா இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. ஆனாலும் அதைத் திருத்தவில்லை. அதன் பிறகு காலை முழுக்க வாயே திறக்கவில்லை.

அந்தப் பெண் வேலை செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பெட்டரியின் மைனஸைப் பொடியோடு பூட்டினார். சார்ஜ் காட்டுகிற அம்பியர்மானியின் இரண்டு வயரையும் இடம் மாற்றினார், இல்லாவிட்டால் முள் தலைகீழாகக் காட்டுமாம். தீப்பொறி தருகிற கொயிலை மாற்றினார். ஹெட்லைட்டில் பன்னிரண்டு வோல்ட் பல்ப் போட்டார். வயரெல்லாம் பழையதாக இருக்கிறதே, பெரிதாகப் போட வேண்டாமா என்று நானா கண்ணாலேயே கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். "வோல்ட் கூடினா, அதே வோட்ஸ் பல்புக்குக் கரண்ட் கொறயும். பழைய வயரே போதும்."

"சேர் சொல்றது சரி" என்றார் அவர். இருபத்தைந்து வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த நேர்மையான பாராட்டு அது ஒன்றுதான்.

"ஸ்டார்ட்டர் ஆறு வோல்ட்தானே, எரியாதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு செக்கன்தானே சேர் சுத்தும். தாங்கும். ஆனா பழைய மாதிரி சோம்பேறியாச் சுத்தாது, தூக்கி அடிக்கும். ஹோன் பட்டன மட்டும் யாரும் அமத்தாதீங்க. அது இன்னும் ஆறு வோல்ட். வேற கொண்டாந்து தாறேன்."

இடையில் மனைவி தேநீரும் கேக்கும் கொண்டுவந்தாள். விஷயம் கேள்விப்பட்டிருந்ததால் ஆவலோடு கேட்டாள். "சேர் அந்தக் காலத்துல நல்லாப் படிச்சுக் குடுப்பாரா?"

"நல்லாப் படிச்சுக் குடுப்பாருங்க. எனக்குத்தான் ஏறாதுன்னு சேரே சொல்லிட்டாரே."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ வேடிக்கையான கதை சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "சேர் ஒரு நாள் டோர்ச் பல்ப் ஒன்னு கொண்டாந்து, ஒரு பெட்டரியில வயர் வச்சு எரிய வச்சுக் காட்டினாரு. மங்கலா எரிஞ்சிச்சு. நான் எந்திரிச்சு, இன்னொரு பெட்டரி சேத்து வச்சா என்னா ஆகும் சேர்னு கேட்டேன். சேர் பாத்தாரு. ஒக்காரு, ஒனக்கு சயன்ஸ் சரிவராது, மனையியல் எடுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

பல்ப் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்தப் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஒன்று இருக்கவில்லை. கண்டியில் நானே வாங்கிப் பஞ்சில் சுற்றிக் கொண்டுபோன பல்ப் அது. மூன்று வகுப்புக்கும் அது ஒன்றுதான். இரண்டு பெட்டரி வைத்தால் எரிந்துபோகுமோ என்று பயந்திருப்பேன். 'தெரியாது, வைத்துப் பார்ப்போம்' என்று சொல்ல வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். பல்ப் அப்படியே ஞாபகம் இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளையைத்தான் ஞாபகம் இருக்கவில்லை.

"ஆறும் ஆறும் பன்னெண்டு" என்றார் நானா, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து. "அந்தப் புள்ள அப்பவே சரியாத்தான் கேட்டிருக்கு."

என் பக்கம் பேச அங்கே ஒருவரும் இருக்கவில்லை. நானும்கூட.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்கிற நேரம் வந்தபோது, அந்தக் கௌரவம் மூத்த மகனுக்குத்தான் என்று நானா அறிவித்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் என் மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ட்ரெக்டர் ஸ்டார்ட்டாகும் என்ற நம்பிக்கை எனக்கு அந்தளவுக்கு இருக்கவில்லை.

"நியூட்ரல்ல இருக்குங்களா ஹாஜியார்?" என்று கேட்டார் அவர்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் நானா.

வாழ்நாள் முழுக்க ட்ரெக்டரைக் கியரில் போட்டு நிறுத்திய கை அது. முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்த அன்றும் பழக்கதோஷத்தில் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தார். ஸ்டார்ட்டர் கம்பியை இழுத்தார்.

சொன்ன மாதிரியே தூக்கி அடித்தது. ட்ரெக்டர் ஒரு துள்ளுத் துள்ளி, துள்ளிய வேகத்திலேயே ஸ்டார்ட்டாகி, முற்றத்தைக் கடக்கத் தொடங்கியது. பாயில் காயப் போட்டிருந்த கராம்பின் மேல் ஏறியது. நானா பிரேக்கைத் தேடாமல் கையில் அகப்பட்டதைப் பிடித்து அமத்தினார். அது ஹோன். ஆறு வோல்ட் ஹோனுக்குப் பன்னிரண்டு வோல்ட் போனால் என்ன சத்தம் வரும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஊர் நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. அந்த அலறலோடேயே ட்ரெக்டர் போய் என் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து, அதை முன்னே தள்ளிக்கொண்டு பலா மரத்தை நோக்கி நகர்ந்தது.

நான் "நானா, நானா" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பெண்தான் பக்கவாட்டில் நாலெட்டு ஓடி, மட்காட்டைப் பிடித்து ஏறி, நானாவின் கைக்கு மேலாகக் கையை விட்டு சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. ஹோன் இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவாகவே செத்துப்போனது.

"பிரேக் பிடிக்கல்ல" என்றார் நானா. முகம் வெளிறியிருந்தது.

"நீங்க பிரேக்குல கால் வச்சாத்தானே ஹாஜியார் பிடிக்கும்" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "ஸ்டார்ட் ஆயிருச்சு சேர்" என்றார். என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருடமாகிறது என்பதால், மோட்டார் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலைப் பற்றி நான் அப்போது எதுவும் பேசவில்லை.

போகும்போது ஆயுதப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு ரோட்டு வரை கூட நடந்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்ததை வண்டிக்குக் கிட்டப் போன பிறகுதான் சொல்ல முடிந்தது.

"அன்னைக்கு நான் அப்படிச் செல்லியிருக்கக் கூடாது."

"எதங்க சேர்?"

"மனையியல் எடுக்கச் சென்னது."

சிரித்துத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓ.எல். பரீட்சையில சயன்ஸ் பெயிலாயிட்டேன் சேர். நீங்க சொன்னதால படிக்காம விட்டேனா, இல்ல நெசமாவே எனக்கு ஏறலயான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நெறைய நாள் யோசிச்சிருக்கேன்."

"மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் தலையை அசைத்தார். மன்னித்தாரா, கேட்டது என்று மட்டும் தெரிவித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, புது ஹோன் அடுத்த கிழமை வரும் என்றார். வந்தது. பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார், எந்த வயரை எங்கே பூட்டுவது என்று பெரிய எழுத்தில் எழுதி. அதன்படியே பூட்டினேன். புகை வரவில்லை.

இப்போது ட்ரெக்டர் கம்பியை இழுத்தவுடன் ஸ்டார்ட்டாகிறது. தள்ள வந்த ஆறு பேரும் தேநீர் போய்விட்டதே என்று குறைப்படுகிறார்கள். பள்ளிவாசல் முன்னால் யார் கேட்டாலும் "நாங்கதான் மாத்தின, ரெண்டு நாள் வேல" என்று நானா சொல்கிறார். அந்த 'நாங்க'வில் என்னையும் சேர்த்திருக்கிறாரா என்பது சந்தேகம்தான்.

போன மாதம் மேல் வளவுக்காரர் ஒருவர் வந்தார். அவரிடமும் ஓர் ஆறு வோல்ட் ட்ரெக்டர் கிடக்கிறது. உண்மையில் யார் மாற்றியது என்று கேட்டார். தெல்தெனியவில் ஒரு பெண் என்றேன்.

"பொம்புளப் புள்ளயா? எங்க படிச்ச?"

என்னிடம் படித்த பிள்ளை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம், சும்மா விடுமா? விழுங்கிக்கொண்டு, டெலிபோன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.